‘லக்கி டாக்’ என்றால் கோபப்படலாமா? ஆங்கிலத்தின் விலங்குச் சொற்களைப் பழகும் வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செய்தியைக் கேட்டதும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சக ஊழியர் ஒருவர் என் தோளைத் தட்டி, “யூ லக்கி டாக்!” என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. எல்லார் முன்னாலும் நாய் என்று சொல்லிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘கொடுத்துவைத்த ஆளய்யா நீ’ என்று மனதார வாழ்த்தியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

‘லக்கி’யும் எனக்குத் தெரியும், ‘டாக்’கும் தெரியும். அந்தச் சொல்லின் சூடுதான் தெரியவில்லை. தமிழில் நாய் என்ற சொல் ஒரு ஆளின் மேல் விழுந்தால் சுடும். நெருங்கிய நண்பர்கள் தங்களுக்குள் ‘போடா நாயே’ என்று சொல்லிக்கொள்வது மட்டும் தனிக்கணக்கு. ஆங்கிலத்தில் அதே சொல் ஓர் இடத்தில் சுடும், இன்னோர் இடத்தில் வெதுவெதுப்பாக இருக்கும், மற்றோர் இடத்தில் பாராட்டாகவே இருக்கும். விலங்குகளை வைத்து ஆங்கிலம் கட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான தொடர்களுக்கும் இது பொருந்தும். இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு உதவலாம், பேச்சுக்கு உதவாது. நான் பழகிய வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு, மூன்று கேள்விகள்

ஒரு நோட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள். கைப்பேசியில் எழுதினாலும் சரிதான். புதிய தொடர் ஒன்று கண்ணில் படும்போது அதன் பொருளை எழுதிவிட்டு நிறுத்திவிடாமல், மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடி எழுதுங்கள். இது எந்தக் காட்சியிலிருந்து பிறந்தது? தமிழில் இதற்குச் சொந்தக்காரர் உண்டா? இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது?

வாரத்துக்கு மூன்று தொடர் போதும். அதற்கு மேல் போனால் எல்லாம் கலந்து குழம்பிவிடும்.

காட்சியைப் பிடியுங்கள்

விலங்குத் தொடர்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் கண்ணால் பார்த்த காட்சிகள்தான். காட்சி மனதில் விழுந்துவிட்டால் பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

‘பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தவறான மரத்தைப் பார்த்துக் குரைப்பது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த தொடர் இது. அங்கே ரக்கூன் என்ற சிறு விலங்கை வேட்டையாட நாய்களோடு போவார்கள். துரத்தப்பட்ட ரக்கூன் மரத்தில் ஏறிக்கொள்ளும். நாய் அடியில் நின்று, ‘இதோ இங்கே இருக்கிறது’ என்று குரைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் ரக்கூன் கிளைக்குக் கிளை தாவி எப்போதோ அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். நாயின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை, மரம்தான் தவறு. அதனால்தான் சந்தேகப்படக்கூடாத ஆளைச் சந்தேகிப்பவரையும், தவறான இடத்தில் காரணம் தேடுகிறவரையும் பார்த்து இதைச் சொல்கிறார்கள். சோம்பேறியைப் பார்த்துச் சொல்வதில்லை. இந்த நுணுக்கம் காட்சி தெரிந்தவருக்குத்தான் பிடிபடும்.

‘அண்டர்டாக்’ நாய்ச் சண்டையிலிருந்து வந்தது. சண்டையில் கீழே விழுந்து கிடக்கும் நாய் அது. மேலே ஏறி நிற்பது ‘டாப் டாக்’. இன்று விளையாட்டுச் செய்தியிலும் தேர்தல் செய்தியிலும் தோற்றுவிடுவார் என்று எல்லாரும் நினைக்கும் தரப்பை அண்டர்டாக் என்கிறார்கள். சொல்பவரின் மனம் பெரும்பாலும் அந்தத் தரப்பின் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு சின்ன அணியை அண்டர்டாக் என்று எழுதினால் அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘புல்டாக்’கின் காட்சி கொடூரமானது. காளையைக் கட்டிவைத்து அதன் மேல் நாய்களை ஏவிவிடும் விளையாட்டு பிரிட்டனில் நெடுங்காலம் நடந்தது. நாய் காளையின் மூக்கைக் கவ்வினால் விடாது. 1835-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். விளையாட்டு ஒழிந்தாலும் சொல் நின்றுவிட்டது. இன்று புல்டாக் என்றால் பிடித்த பிடியை விடாத ஆள். காகிதங்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புக்குக்கூட அந்தப் பெயர் உண்டு.

அரசியல் செய்திகளில் இப்போது அடிக்கடி வருவது ‘டாக் விசில்’. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலி நமக்குக் கேட்காது, நாய்க்குக் கேட்கும். அந்த ஒலியை எழுப்பும் ஊதலை வைத்து நாயைப் பழக்குவார்கள். மேடையில் ஒருவர் பேசும்போது பொதுமக்களுக்கு வெறும் பேச்சாகவும், குறிப்பிட்ட ஒரு கூட்டத்துக்கு மட்டும் புரியும் சமிக்ஞையாகவும் ஒரு சொல்லைப் போட்டால் அது டாக் விசில். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆங்கில அரசியல் கட்டுரைகள் எனக்கு வேறு மாதிரி விளங்கத் தொடங்கின.

‘டாக் டேஸ்’ என்றதும் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது வானத்து நாய். சிரியஸ் விண்மீன், பெருநாய் எனப்படும் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. கோடையில் அது சூரியனோடு சேர்ந்து உதிப்பதால்தான் வெப்பம் கூடுகிறது என்று பழைய கிரேக்கரும் ரோமானியரும் நம்பினார்கள். கடும் வெயில் நாட்களுக்கு அதன் பெயரையே வைத்தார்கள். நாமும் உச்ச வெயிலை அக்கினி நட்சத்திரம் என்றுதானே சொல்கிறோம்.

தமிழில் சொந்தம் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் அது சீக்கிரம் மனதில் பதியும். ஆனால் சொந்தங்களில் மூன்று வகை உண்டு: உடன்பிறப்பு, தூரத்து உறவு, உறவு போல வேடமிட்டு வருபவர்.

உடன்பிறப்புகள் சுலபம். ‘ஹிஸ் பார்க் இஸ் வர்ஸ் தன் ஹிஸ் பைட்’ என்றால் குரைக்கிற நாய் கடிக்காது. ‘டாக் இன் தி மேஞ்சர்’ நம்முடைய வைக்கோற்போர் நாயேதான்: தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. ‘பெல் தி கேட்’ என்றால் பூனைக்கு மணி கட்டுவது. ‘டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் தி மவுத்’ என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள். இனாமாக வந்த குதிரைக்கு வயது பார்க்காதே என்கிறது ஆங்கிலம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறோம் நாம். விலங்குதான் வேறு, பல் ஒன்றுதான்.

விலங்கு மாறினாலும் கருத்து மாறாதவை இன்னும் உண்டு. ஆங்கிலம் பன்றியின் முன் முத்தைப் போடாதே என்னும். நாம் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்போம். அவர்கள் ஒரு கல்லில் இரண்டு பறவைகளை அடிக்கிறார்கள், நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். ‘வைட் எலிஃபன்ட்’ என்றால் வைத்துக் காப்பாற்றச் செலவு பிடிக்கும், பயன் இல்லாத சொத்து. நம் வீடுகளில் ‘யானையைக் கட்டித் தீனி போட முடியுமா’ என்று கேட்பார்களே, அதே கவலைதான்.

‘வொர்க் லைக் எ டாக்’ என்பதில் கவனம் வேண்டும். தமிழில் உழைப்பது மாடு, அலைவது நாய். ‘மாடாய் உழைத்தேன்’, ‘நாயாய் அலைந்தேன்’ என்போம். ஆங்கில நாய் உழைக்கவும் செய்யும். அதனால் ‘ஐ வொர்க்ட் லைக் எ டாக்’ என்பதற்கு ‘மாடாய் உழைத்தேன்’ என்பதே சரியான பொருள். நாய் படாத பாடு என்று சொல்ல வேண்டுமானால் ‘எ டாக்ஸ் லைஃப்’ பக்கத்தில் வரும்.

தூரத்து உறவுகளில் முக்கியமானது ‘லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை’. தூங்குகிற புலியைத் தட்டி எழுப்பாதே என்பதுதானே என்று தோன்றும். பாதிதான் சரி. நம் புலி பலசாலியான ஒரு ஆளைக் குறிக்கும். அவரைச் சீண்டாதே என்பது எச்சரிக்கை. ஆங்கில நாய் பெரும்பாலும் ஆறிப்போன ஒரு விவகாரம். அதைக் கிளறாதே என்பது அறிவுரை. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் இதே கருத்தைத் தன் கவிதையில் எழுதியிருக்கிறார்.

‘ஸ்கேப்கோட்’டும் தூரத்து உறவுதான். நாம் பலிகடா என்கிறோம், பொருளும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஆங்கில ஆடு வெட்டப்படுவதில்லை. விவிலியத்தில் வரும் சடங்கில் மக்களின் பாவங்களை எல்லாம் ஒரு வெள்ளாட்டின் மேல் ஏற்றி அதைப் பாலைவனத்துக்குத் துரத்திவிடுவார்கள். 1530-இல் வில்லியம் டின்டேல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது, தப்பிப் போகும் ஆடு என்ற பொருளில் உருவாக்கிய சொல் இது.

அப்புறம், வேடமிட்டு வருபவர்கள். இவர்களிடம்தான் ஏமாந்துபோவோம். ‘பிளாக் ஷீப்’ என்றால் தமிழில் நாம் சொல்லும் கருப்பு ஆடு என்று நினைத்துவிடாதீர்கள். நாம் கருப்பு ஆடு என்றால் கூட்டத்துக்குள் இருந்தே காட்டிக்கொடுப்பவர். ஆங்கிலத்தில் அது குடும்பத்துக்குப் பெருமை சேர்க்காத, வழி தவறிய பிள்ளை. யாரையும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் துரோகிக்கு ஆங்கிலம் மண்ணுக்கடியில் வளை தோண்டும் வேறொரு விலங்கை வைத்திருக்கிறது: ‘மோல்’. அலுவலகத்தில் ரகசியம் வெளியே போகிறது என்று சொல்லவந்து ‘பிளாக் ஷீப்’ என்று எழுதினால் படிப்பவர் வேறெதையோ புரிந்துகொள்வார்.

‘எலிஃபன்ட் இன் தி ரூம்’ என்பதை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூசணிக்காயை ஒருவர் மறைக்கிறார், அது பொய். யானை அறையின் நடுவில் எல்லாருக்கும் தெரியும்படி நிற்கிறது, யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது பொய்யில்லை, கூட்டு மௌனம். ‘யூ கான்ட் டீச் அன் ஓல்ட் டாக் நியூ ட்ரிக்ஸ்’ என்பதும் நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பதும்கூட இப்படித்தான். ஆங்கிலம் வயதைப் பேசுகிறது, தமிழ் பிறவிக் குணத்தைப் பேசுகிறது.

சூட்டை அளந்து பாருங்கள்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஒரு நல்ல கற்போர் அகராதியில் பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: பேச்சு வழக்கு, பழைய வழக்கு, புண்படுத்தும் சொல் என்று. பலர் அதைத் தாண்டிப் படித்துவிடுகிறார்கள். விலங்குச் சொற்களில் அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் தொடர்களில் ஆபத்து குறைவு. ‘ஐ ஆம் டாக்-டயர்ட்’ என்றால் அடித்துப் போட்டது போல அசதி. ‘சிக் ஆஸ் எ டாக்’ என்றால் உடம்பு மிகவும் முடியவில்லை. ‘ஐ ஆம் இன் தி டாக்ஹவுஸ்’ என்றால் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ நம்மேல் கோபமாக இருக்கிறார்கள். தொடக்கத்தில் இவற்றைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

அடுத்தவரைச் சுட்டும்போது நிலைமை வேறு. ஒருவரைப் பன்றி, எலி, பாம்பு என்ற பொருளில் ‘பிக்’, ‘ரேட்’, ‘ஸ்நேக்’ என்பது திட்டுதான். பெண்களை நோக்கிப் பெண் நாயின் பெயரையோ ‘கௌ’ என்ற சொல்லையோ பயன்படுத்துவது வெறும் கிண்டல் இல்லை, அவமதிப்பு. படங்களில் நண்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டுவிட்டு அதை எடுத்துப் பேசாதீர்கள். ‘லக்கி டாக்’ அன்பான தொடர்தான். ஆனாலும் சமவயது நண்பரிடம் சொல்லலாமே தவிர, மேலதிகாரியிடம் வேண்டாம்.

இந்த இடத்தில் தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘பரையா’ என்ற சொல் வழங்குகிறது. தெருநாய்களை ‘பரையா டாக்’ என்றும் எழுதிவந்தார்கள். அது தமிழிலிருந்து போன சொல், பறை என்ற சொல்லை அடியாகக் கொண்ட ஒரு சமூகத்தின் பெயர். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே இழிசொல்லாக மாற்றி, நாய்க்கும் சூட்டியிருக்கிறார்கள். இன்றும் ஆங்கிலச் செய்திகளில் நாடுகளைப் பற்றிக்கூட இது சர்வசாதாரணமாக வருகிறது. எழுதுபவர் பலருக்கு அதன் பிறப்பு தெரியாது. நமக்குத் தெரியும் என்பதால் நாம் எழுதக்கூடாது. ‘அவுட்காஸ்ட்’, ‘ஸ்ட்ரீட் டாக்’ என்ற சொற்கள் இருக்கின்றன.

வினையாக மாறும் விலங்குகள்

தமிழில் ஒரு விலங்கின் பெயரை அப்படியே வினைச்சொல்லாக்க முடியாது. ‘நாயாய்’, ‘குரங்கு போல’ என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எதையும் சேர்க்காமலே பெயரே வினையாக ஓடத் தொடங்கிவிடும். புதிதாகப் படிப்பவர் தடுமாறுவது இங்கேதான். வாக்கியத்தில் விலங்கின் பெயர் வந்து, விலங்குக்கு அங்கே வேலையே இல்லாததுபோல் தெரிந்தால், அது வினைச்சொல்லா என்று முதலில் பாருங்கள்.

பிரச்சினைகள் ஒருவரை விடாமல் பின்தொடர்ந்தால் அவை அவரை ‘டாக்’ செய்கின்றன. பத்திரிகையாளர்கள் துரத்தித் துரத்தித் தொல்லை கொடுத்தால் ‘ஹவுண்ட்’. கேட்டதையே கேட்டு நச்சரித்தால் ‘பேட்ஜர்’. புரியாமல் திருப்பிச் சொன்னால் ‘பேரட்’, நம் கிளிப்பிள்ளைதான். அவசர அவசரமாக விழுங்கினால் ‘வுல்ஃப்’. பொதுப் பொருளைத் தனக்கென்றே பிடித்து வைத்துக்கொண்டால் பன்றியைக் குறிக்கும் ‘ஹாக்’. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒளித்துவைத்தால் ‘ஸ்குவிரல் அவே’. பயந்து பின்வாங்கினால் ‘சிக்கன் அவுட்’. முயல் வளைக்குள் வேட்டைக்கு அனுப்பும் ஃபெரட் என்ற சிறு விலங்கைப் போல ஒளிந்த உண்மையைத் தோண்டி எடுத்தால் ‘ஃபெரட் அவுட்’.

இதில் ‘டக்’ மட்டும் தலைகீழ். குனிந்து தப்புவதை ‘டக்’ என்பது வாத்திலிருந்து வரவில்லை. நீரில் மூழ்குவதைக் குறித்த பழைய வினைச்சொல்லிலிருந்துதான் வாத்துக்கே அந்தப் பெயர் வந்தது.

அடைச்சொற்களும் சில உண்டு. ‘ஃபிஷி’ என்றால் சந்தேகத்துக்கு இடமானது, ‘ஷீப்பிஷ்’ என்றால் அசடு வழிவது. ‘டாகிட்’ என்றால் விடாப்பிடியான என்று பொருள். எழுத்தில் இது ‘டாக்’ என்ற வினையின் இறந்தகாலம் போலவே இருக்கும். வினையாக வந்தால் ஒரே அசையில் ‘டாக்ட்’, அடையாக வந்தால் இரண்டு அசையில் ‘டாகிட்’. வாய்விட்டு இரண்டையும் பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

தொடரைப் பிரித்து மாற்றாதீர்கள்

இந்தத் தொடர்கள் வார்த்து எடுத்தவை. ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதில் பூனைதான் முன்னால் வரும். ‘ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்’ என்பதை ஒருவரிடம் சொன்னாலும் குதிரை பன்மைதான். ‘சற்றுப் பொறு’ என்று சொல்வதற்கு மட்டுமே அது. ‘ஹி ஹெல்ட் ஹிஸ் ஹார்ஸஸ்’ என்று கதை சொன்னால் காதில் இடறும். நோட்டில் எழுதும்போது தொடரை மட்டும் எழுதாமல், நீங்கள் பார்த்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள்.

பூனையும் நாயுமாக மழை பெய்வதைப் பற்றி இன்னொன்று. பள்ளியில் முதலில் கற்றுக்கொடுக்கும் தொடர் இதுதான், ஆனால் இன்றைய பேச்சில் அது குறைவாகவே காதில் விழுகிறது. ‘இட்ஸ் போரிங்’ என்று சொல்லிவிடுகிறார்கள், கொட்டுகிறது என்ற பொருளில்.

பிறந்த கதைகளைச் சோதித்து நம்புங்கள்

கூரை வீடுகளின் மேல் படுத்திருந்த நாய்களும் பூனைகளும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. மொழி ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. 1738-இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் இந்தத் தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். அது எங்கிருந்து பிறந்தது என்பது இன்னும் தீராத கேள்வி. ‘டாக்’ என்ற சொல்லின் வேர்கூட இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுச்சொல் ‘ஹுண்ட்’. அதுதான் இன்றைய ‘ஹவுண்ட்’.

உறுதியாகத் தெரிந்த பிறப்புகளே போதிய அளவு சுவையானவை. எவரிடமும் நல்லெண்ணம் இருப்பதாக நம்பாதவரைக் குறிக்கும் ‘சினிக்’ என்ற சொல் நாயைப் போன்றவர் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேனரிப் பறவைக்குக் கேனரித் தீவுகளின் பெயர்; அந்தத் தீவின் பெயரோ லத்தீனில் நாயைக் குறிக்கும் ‘கானிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தசையைக் குறிக்கும் ‘மஸில்’, லத்தீனில் குட்டி எலி. தடுப்பூசி மருந்தான ‘வேக்சின்’, லத்தீனில் பசுவைக் குறிக்கும் ‘வாக்கா’விலிருந்து வந்தது: மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796-இல் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். வம்சாவளியைக் குறிக்கும் ‘பெடிக்ரீ’, பழைய பிரெஞ்சில் கொக்கின் கால். வம்ச வரைபடத்தில் கிளை பிரியும் கோடு கொக்கின் பாதம் போல இருந்ததாம். கேள்வி கேட்காமல் ஏற்கும் கொள்கையைக் குறிக்கும் ‘டாக்மா’வில் மட்டும் நாய் இல்லை, அது கருத்து என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்.

எங்கிருந்து தொடங்கலாம்

விலங்குக் கூட்டங்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. காக்கைக் கூட்டத்துக்கு ‘மர்டர்’ என்றுகூட. அவற்றை இப்போது தொடவேண்டாம். பேச்சில் அவ்வளவாக வருவதில்லை.

என் யோசனை இது. முதல் வாரம் ‘அண்டர்டாக்’, ‘பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ’, ‘எலிஃபன்ட் இன் தி ரூம்’ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் செய்திகளில் அடிக்கடி வருபவை, யாரையும் புண்படுத்தாதவை. ஆங்கிலச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தையும் அரசியல் கட்டுரை ஒன்றையும் தினமும் படித்து, கண்ணில் படும் விலங்குகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு இடங்களில் பார்க்கும் வரை நீங்கள் அதைப் பேச்சில் பயன்படுத்த வேண்டாம். மூன்றாவது முறை பார்த்ததும் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறினால், என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்பதை அப்போதே விளக்கிவிடுங்கள். உங்களிடம் யாராவது சொல்லி உங்கள் முகம் மாறினாலும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேனே, ‘வாட் டஸ் இட் மீன்?’ என்று அன்றே கேட்டிருந்தால் அவரும் சிரித்துக்கொண்டே விளக்கியிருப்பார்.